முதுகுக்குப் பின்னால்

இறக்கக்கண்டிப் பக்கம் மீன்பெட்டி ஏற்றுகிற லாண்ட்மாஸ்டருக்கு உலகத்தில் எந்தக் கம்பனியும் மொடல் செய்து விற்பதில்லை. ஜெர்மன் டாங்கியோ அமெரிக்க ஜீப்போ, எது வேண்டுமானாலும் பெட்டியில் அடைத்துத் தபாலில் வரும். இரண்டு சில்லும் ஆள் நீளக் கைபிடியும் பின்னால் ஒரு பலகைப் பெட்டியுமாகப் புகை கக்கிக்கொண்டு போகும் அந்தச் சின்ன உழவு இயந்திரம் மட்டும் வராது. ஆகவே இரத்தினசிங்கம் அதைத் தானே செய்தார். உடம்பை ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் வெட்டி ஒட்டினார். சில்லுகளைத் தேய்ந்த செருப்பின் ரப்பரில் அறுத்தார். புகைக்குழாய்க்கு மை முடிந்துபோன பேனைக் குச்சி. முழு இயந்திரமும் உள்ளங்கையில் அடங்கியது.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். சாம்பல்தீவில் தங்கை சுலோஜனாவோடு இருந்தார். வேலையில் இருந்த காலத்திலேயே சின்ன மொடல்கள் செய்யும் பழக்கம் பிடித்துக்கொண்டது. கனடாவில் இருந்த மச்சான் ஒருவர் வருடத்துக்கு இரண்டு மொடல் பெட்டி அனுப்புவார். சீனன்குடாவில் நின்ற வெள்ளைக்காரன் காலத்துப் போர் விமானங்கள், துறைமுக வாயிலைக் காத்த பீரங்கிகள், குண்டு விழுந்து எரிகிற எண்ணெய்த் தாங்கி எல்லாம் செய்து கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்தார். அவையெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்த சண்டைகள். அவற்றில் அவருக்குத் தெரிந்த ஒருவரும் சாகவில்லை.

போன மாசியில் மருமகன் துவாரகன் அவரை நிலாவெளியிலிருந்து வாகனத்தில் கூட்டிவந்தபோது, வழியில் ஒரு வளைவைக் காட்டி, இதில் எங்கேயோ ஆமியின் பெரிய சென்றிப் பொயின்ற், காவலரண் ஒன்று இருந்ததாமே, எந்த இடம் மாமா என்று சாதாரணமாகக் கேட்டான். இரத்தினசிங்கம் ஒரு மதிலைக் காட்டினார். கொஞ்சத் தூரம் போனதும் அந்த இடம் இல்லை என்று பட்டது. திரும்பிப் பார்த்தார். காப்பெற் தார் போட்ட வீதி, விடுதிகளின் மதில்கள், இளநீர்க் கடை. எங்கே என்று அவருக்கே பிடிபடவில்லை. ஊர் ஊராக எல்லைக் கல் தேடிப் படம் வரைந்த மனிதனுக்கு அந்த ஒரு இடம் தவறிப்போனது. மறுநாள் காலை ஒரு பிளைவூட் பலகையை இரண்டடிக்கு ஒன்றரை அடி வெட்டி மேசையில் வைத்தார்.

அந்தக் காவலரணில் அவர் மூன்று மணித்தியாலம் முழங்காலில் இருந்திருக்கிறார். தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்கழி. அப்போது அவரும் மனைவி கமலேஸ்வரியும் இறக்கக்கண்டியில் அவளுடைய தாய்வீட்டில் இருந்தார்கள். முதற்பிள்ளை; எட்டாம் மாதம் முடிகிற நேரம். ஒருநாள் விடியற்காலை அவளுக்கு இரத்தம் படத் தொடங்கியது. அயல்வீட்டு யேசுரட்ணம் தன் லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் மெத்தையைப் போட்டு, மழைக்காக மேலே தார்ப்பாய்ப் படங்கு கட்டி, இரவில் மூடிய வீதியை ஆமி திறக்கும் நேரம் பார்த்து ஆறு மணிக்குப் புறப்பட்டார். மனைவியைத் தூக்கி ஏற்றியதில் இரத்தினசிங்கத்தின் சேட்டு இரத்தத்தில் நனைந்துபோனது. ஓடிப்போய் வேறு சேட்டு மாற்றினார். இருவருடைய அடையாள அட்டையும் கழற்றிப் போட்ட சேட்டின் பையிலேயே இருந்தன.

காவலரணில் மறித்தார்கள். அன்று விடிய முன்னால் எங்கேயோ கண்ணிவெடி வெடித்திருந்தது; ஒரு வாகனமும் விடக்கூடாது என்று கட்டளை. அட்டையைக் கேட்டார்கள். இல்லை என்றதும் அவரை வீதியோரம் கொண்டுபோய், கைகளைத் தலையில் வைத்து முழங்காலில் இருத்தினார்கள். முகம் காவலரணைப் பார்த்து; லாண்ட்மாஸ்டர் முதுகுக்குப் பின்னால். மனைவிக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு தரம் சொன்னார். சத்தம் போடாதே என்றான் ஒருவன். அவர் பிறகு சொல்லவில்லை.

மூன்று மணித்தியாலம் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்ததெல்லாம் அந்தக் காவலரண்தான். அதனால் அதைச் செய்வது அவருக்கு வருத்தமாக இருந்ததே தவிரக் கடினமாக இருக்கவில்லை. மண்மூட்டைகளை, களிமண்போலப் பிசைகிற எபொக்சிப் புட்டியில் ஒவ்வொன்றாக உருட்டி, சாக்கின் நெசவு பதியும்படி காயத்துக்குக் கட்டும் துணியால் ஒற்றி எடுத்தார். நூற்றுப் பதினான்கு மூட்டைகள். கீழ் வரிசை மழையில் ஊறிக் கறுத்திருந்தது, மேல் வரிசையில் இரண்டு கிழிந்து மண் ஒழுகியிருந்தது என்பது வரை அவருக்குத் தெரியும். தார்ப் பீப்பாக்கள் ஆறு. முதலில் செங்காவி பூசி, அதன்மேல் உப்புத் தூள் ஒட்டி, பச்சை வர்ணம் அடித்து, காய்ந்ததும் உப்பை உரசி விழுத்தினார்; வர்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்து உள்ளே துரு தெரிந்தது. பழைய தகரத்தில் சுரண்டிய உண்மைத் துருவைத் தேய்த்து வழியவிட்டார். இடமிருந்து மூன்றாவது பீப்பாவின் வயிற்றில் ஒரு நெளிவு. அதையும் கரண்டிக் காம்பால் அமுக்கினார்.

கடற்கரை மண் இந்த அளவுக்கு ஆகாது. ஒவ்வொரு மணியும் கல்லுப்போலத் தெரியும். செங்கல் பொடியையும் சாம்பலையும் நைலோன் துணியில் அரித்து மண்ணாக்கினார். பழைய சார்ஜர் வயரைப் பிரித்து முட்கம்பி திரித்தார். கம்பியில் தொங்கிய தகரப் பேணிகளை அலுமினியத் தாளில் சுருட்டினார். தண்ணீர் தேங்கிய இடங்களில் வார்னிஷை மூன்று தரம் ஊற்ற, மழை இப்போதுதான் விட்டதுபோல மினுங்கியது. பனங்குற்றி, தும்புப் புல், மூட்டைமேல் யாரோ காயப்போட்ட ஒற்றைக் கால்மேஸ் எல்லாம் வந்தன. சிப்பாய்கள் மூவரும் வந்தார்கள். பெட்டியில் வந்த வேறு நாட்டு உருவங்களின் தலையையும் கையையும் வெட்டி மாற்றி, ஒருவனுக்கு மட்டும் மழைக்கோட்டு மாட்டினார். முழங்காலில் இருக்கும் மனிதனையும் செய்தார். அது சுலபமாக வந்தது.

பலகையின் மற்றப் பாதி வெறுமையாகக் கிடந்தது. லாண்ட்மாஸ்டர் நின்ற பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது ஒரு சத்தம் மட்டுமே: எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம். யேசுரட்ணம் எதற்காக மூன்று மணித்தியாலம் டீசலை எரித்தார் என்று அன்றைக்கே ஒரு கணம் நினைத்தது ஞாபகம். கமலேஸ்வரியின் குரல் கேட்கவேயில்லை. மயங்கிவிட்டாள், நோவு தெரியாமல் கிடந்திருக்கிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் மனதைத் தேற்றி வைத்திருந்தார். ஒன்பது மணி தாண்டி ஜீப்பில் வந்த ஒரு அதிகாரி படங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சிப்பாய்களைக் கண்டபடி ஏசி, முன்னால் ஜீப்பை விட்டு ஆஸ்பத்திரிவரை கூட்டிப்போனார். பிள்ளையை வெட்டி எடுத்தார்கள். அன்று பின்னேரம் கமலேஸ்வரி போய்விட்டாள்.

அந்தப் பிள்ளைதான் கீர்த்தனி. சுலோஜனா கலியாணம் வேண்டாம் என்று சொல்லி அவளைத் தூக்கி வளர்த்தாள். ஆறு வயதில் கீர்த்தனி, அம்மா எப்படிச் செத்தவ என்று கேட்டபோது, காய்ச்சல் என்று சுலோஜனாதான் சொன்னாள். தன்னைப் பெறப்போய்த்தான் தாய் செத்தாள் என்று ஒரு பிள்ளை நினைக்கக்கூடாது என்பது அவளுடைய எண்ணம். இரத்தினசிங்கமும் சரி என்றார். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது. காய்ச்சல் என்றால் சேட்டுப் பையைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். கீர்த்தனி படித்து, வங்கியில் வேலை எடுத்து, துவாரகனைக் கட்டி உப்புவெளிக்குப் போன பிறகும் அது காய்ச்சலாகவே இருந்தது.

பலகையில் முதல் வரிசை மூட்டைகளைக் கண்டதுமே சுலோஜனாவுக்கு விளங்கிவிட்டது. இது ஏன் இப்ப என்று மட்டும் கேட்டாள். அவர் அடுத்த மூட்டையை எடுத்து ஒட்டினார். அதன்பிறகு கீர்த்தனி வரும் நாட்களில் சுலோஜனாவே பழைய வேட்டி ஒன்றை அதன்மேல் போர்த்தி அறையைச் சாத்திவிடுவாள்.

ஆவணியில் கீர்த்தனிக்கு ஐந்து மாதம். கிளினிக்கிலிருந்து தொலைபேசி எடுத்தாள். தாயின் பிள்ளைப்பேற்றில் ஏதும் பிரச்சினை இருந்ததா, தாய் எப்படி இறந்தவ என்று மிட்வைஃப் கேட்கிறா, கிளினிக் காட் மட்டையில் எழுதவேண்டுமாம் என்றாள். பின்னால் வேறு பெண்களின் கதையும் பிள்ளைகளின் அழுகையும் கேட்டது. இரத்தினசிங்கம் கையில் ஒட்டும் பசையோடு நின்றார்.

"காய்ச்சல் எண்டு சொல்லு பிள்ளை. வேற ஒண்டும் இல்லை."

தொலைபேசியை வைத்தார். திரும்ப எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்று விட்டார். அந்த நாளை வரவில்லை.

லாண்ட்மாஸ்டரின் பெட்டிக்கு அளவு தேவைப்பட்டதால் புரட்டாதியில் ஒருநாள் காலை பஸ் ஏறி இறக்கக்கண்டிக்குப் போனார். யேசுரட்ணத்துக்கு எழுபத்தைந்து ஆகியிருந்தது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. பழைய பெட்டி வேலியோரம் சில்லில்லாமல் கிடந்தது. அதற்குள் கோழி அடைத்திருந்தார்கள். இரத்தினசிங்கம் அளவுநாடாவை எடுத்து நீளம், அகலம், பலகையின் தடிப்பு எல்லாம் குறித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்ட யேசுரட்ணத்துக்கு, தான் செய்கிற வேலையை விளங்கப்படுத்தினார். தனக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, அவள் எப்படிக் கிடந்தாள், தலை எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும் என்றார்.

யேசுரட்ணம் கதிரையை இழுத்து அவருக்குக் கிட்டப் போட்டு இருந்தார்.

"தலை கைபிடிப் பக்கம். சரிஞ்சு, உங்களைப் பாத்தபடிதான் கிடந்தவ. படங்கிலை ஒரு கிழியல் இருந்தது. அதுக்குள்ளால பாத்துக்கொண்டே இருந்தவ."

இரத்தினசிங்கம், மயக்கத்தில் அல்லவா கிடந்தவ என்றார்.

"இல்லைத் தம்பி. முழிப்பு. எனக்கு ஏலாமப் போய் உங்களைக் கூப்பிட வெளிக்கிட்டனான். என்ரை சேட்டைப் பிடிச்சிட்டா. 'அண்ணை, அவரைக் கூப்பிடாதேங்கோ, என்ரை சத்தம் கேட்டா எழும்பி வருவார், சுட்டுப் போடுவாங்கள்' எண்டவ. எஞ்சினை நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொன்னதும் அவதான். துவாய்த் துண்டைக் கடிச்சுக்கொண்டு கிடந்தவ. அந்தச் சத்தத்திலை முனகல் வெளியிலை வரேல்லை."

இதைத் தான் ஒருவருக்கும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கு மட்டும் சொன்னதாக யேசுரட்ணம் சொன்னார். அவள் கத்தியிருந்தால் அந்த ஆமிப் பொடியன்கள் படங்கைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள், பார்த்திருந்தால் விட்டிருப்பார்கள் என்று இப்போது படுகிறது, அன்றைக்கு அது ஒருவருக்கும் தோன்றவில்லை என்றார். வெள்ளை விழுந்த கண்ணிலிருந்தும் மற்றக் கண்ணிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. இரத்தினசிங்கம் அளவுநாடாவைச் சுருட்டினார். சுருட்டிய பிறகும் கை சுருட்டிக்கொண்டே இருந்தது. யேசுரட்ணத்தின் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் அதைக் குடித்தாரா என்பது அவருக்குப் பிறகு ஞாபகம் இல்லை.

அவள் நோவு தெரியாமல் போனாள் என்ற ஒரு ஆறுதலை வைத்துக்கொண்டுதான் அவர் இருபத்தாறு வருடம் சாப்பிட்டதும் படுத்ததும். அது இல்லையென்றானது. பத்து நாள் அவர் அந்த அறைக்குள் போகவில்லை. ஏதாவது உடம்புக்குச் செய்கிறதா என்று சுலோஜனா இரண்டு தரம் கேட்டாள்.

பதினோராம் நாள் போய் இருந்தார். பெட்டியில் வருகிற உருவங்கள் எல்லாம் ஆண்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை எங்கிருந்தும் வெட்டி எடுக்க முடியாது. புட்டியில் தொடக்கத்திலிருந்து பிடித்தார். முழு உருவமும் சின்னி விரல் நீளம் இல்லை. பூதக்கண்ணாடியை நெற்றியில் கட்டி, ஊசிமுனையால் சீலை மடிப்பையும், மடக்கிய கால்களையும், வயிற்றையும், வாயில் இறுகப் பிடித்த துவாயையும் செதுக்கினார். ஐந்து தரம் பிழைத்தது. ஆறாவது அவளாக இருந்தது. படங்கில் கிழியல் வைத்தார். அவளைப் பெட்டிக்குள் வைத்து, தன் கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி அந்தக் கிழியல் வழியாகப் பார்த்தார். முழங்காலில் இருக்கும் மனிதனின் முதுகு தெரிந்தது. அவன் திரும்பவேயில்லை.

ஐப்பசியில் கீர்த்தனி பேற்றுக்காகத் தகப்பன் வீட்டுக்கு வந்தாள். ஏழாம் மாதம். வந்த மூன்றாம் நாள் சுலோஜனா கோயிலுக்குப் போயிருந்தாள். காற்றாடி இருக்கிற அறை அதுதான் என்பதால் கீர்த்தனி கதவைத் திறந்து உள்ளே போனாள். வேட்டி பாதி சரிந்து கிடந்தது. முற்றத்தில் நின்ற இரத்தினசிங்கம், அவள் கூப்பிட்ட விதத்திலேயே என்னவென்று அறிந்துகொண்டு வந்தார்.

அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குள்ள கிடக்கிறது ஆர் அப்பா?"

அவர் சொன்னார். நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல், இரத்தம் பட்டதிலிருந்து சேட்டு மாற்றியது, ஒரு தரம் மட்டும் சொல்லிவிட்டு வாய் மூடியது, யேசுரட்ணம் சொன்னது, பின்னேரம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாட்டில் நடந்தது வரை எல்லாம் சொன்னார். அடையாள அட்டை விட்டுப்போனதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். இதற்காகத்தான் அவள் தன்னை வெறுப்பாள் என்று அவர் எண்ணியிருந்தார்.

கீர்த்தனி அட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

"நான் கிளினிக்கிலையிருந்து உங்களைக் கேட்டனான். ரெண்டு மாசத்துக்கு முன்னம். அம்மாக்கு இரத்தம் போனது எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை. எனக்கு அப்பிடி வந்திருந்தால் என்ன செய்திருப்பியள்? திருப்பியும் முழங்காலிலை இருந்திருப்பியளோ?"

அவள் துவாரகனைக் கூப்பிட்டு அன்றைக்கே உப்புவெளிக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் கிளினிக்குக்குப் போய்க் காட் மட்டையைத் திருத்தினாள் என்பதைத் துவாரகன் சுலோஜனாவுக்குச் சொன்னான். காய்ச்சல் என்று முதன்முதலில் சொன்னவள் தான் என்று சுலோஜனா போய்க் கெஞ்சிப் பார்த்தாள். கீர்த்தனி அவளோடு கதைத்தாள், தகப்பனோடு கதைக்கவில்லை.

மார்கழி இரண்டாம் கிழமையில் கீர்த்தனிக்கு வலி கண்டது. இரத்தினசிங்கம் ஆஸ்பத்திரி வாசலில் மற்றவர்களோடு நின்றார். பெண்பிள்ளை என்று காலையில் செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் துவாரகன் முகம் வெளிறி வந்து, இரத்தம் நிற்குதில்லையாம் மாமா என்றான். உள்ளே ஆயத்தமாக இருந்தார்கள். காட் மட்டையில் எழுதியிருந்தபடியால் அவளுடைய வகை இரத்தத்தை முதல்நாளே எடுத்து வைத்திருந்தார்கள். மூன்று பை ஏற்றினார்கள். மத்தியானம் ஆபத்து நீங்கியது என்றார்கள். பார்க்கும் நேரத்தில் துவாரகன் அவரை உள்ளே வரச் சொன்னான். அவள் கேட்டாளா என்று இரத்தினசிங்கம் கேட்டார். துவாரகன் நிலத்தைப் பார்த்தான். அவர் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தார்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து, தைப்பொங்கலுக்கும் பிறகு ஒருநாள் கீர்த்தனி பிள்ளையோடு வந்தாள். சமாதானம் கதைக்க வந்தவள்போல இல்லை. மெலிந்திருந்தாள். பிள்ளையைச் சுலோஜனாவின் மடியில் கொடுத்துவிட்டு நேரே அந்த அறைக்குள் போனாள். அவர் வாசலில் நின்றார். அவள் கதிரையைத் தள்ளி, இருங்கோ அப்பா என்பதுபோலக் கையைக் காட்டினாள். இருவரும் பலகைக்கு முன்னால் இருந்தார்கள். மேலே தூசி கொஞ்சம் படிந்திருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அந்த மாதங்களில் அவர் அதைத் தொடவேயில்லை.

"அம்மா கடைசியா உங்களோட என்ன கதைச்சவ?" என்று கேட்டாள்.

அவர் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோகும்போது அவள் கண் திறந்து அவர் கையைப் பிடித்தாள். பிள்ளையைப் பற்றிச் சொல்வாள், தாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள் என்று குனிந்தார்.

"'முழங்கால் நோகுதோ உங்களுக்கு' எண்டு கேட்டவ," என்றார். "என்ரை காற்சட்டையிலை சேறு கிடந்ததைப் பாத்திட்டுக் கேக்கிறா எண்டு நினைச்சனான் பிள்ளை. இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சனான்."

கீர்த்தனி அழுதாள். குனிந்து, மேசை விளிம்பில் நெற்றியை வைத்து அழுதாள். அவர் அவளுடைய தோளைத் தொடப் போய், தொடலாமோ என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளே அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முன்னறையில் பிள்ளை பாலுக்கு அழத் தொடங்கியது. சுலோஜனா ஏதோ பாடி ஆற்றப் பார்த்தாள். அது அடங்கவில்லை. கீர்த்தனி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.